யார் காதிலோ இருந்தது

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, பாட்டு கிடைத்துவிடும். முன் சீட்டில் ஒருவருடைய போனில் சாமி பாட்டு ஓடும். நடுவில் ஒருவர் குட்டிக் குட்டி வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். ஒவ்வொன்றிலும் யாராவது கத்துவார்கள், யாராவது சிரிப்பார்கள். கடைசி சீட்டில் ஒரு ஆள் உருளை வடிவ ஸ்பீக்கரைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மொத்தப் பேருந்துக்கும் குத்துப்பாட்டு போடுவார். ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காதை என்ன செய்வது? அந்தச் சத்தமெல்லாம் எச்சில் தெறிப்பதுபோல என்மேல் விழும்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண். அங்கும் விடுதலை இல்லை. கடையின் விளம்பரப் பாட்டை முதலாளி காலையில் போட்டால் ஷட்டர் இறங்கும்வரை அது நிற்காது. கல்யாணப் பெண்ணின் அம்மா சலித்துப்போன முகத்தோடு, “இதே கலர்ல பார்டர் மட்டும் வேற மாதிரி காட்டுங்க” என்பார். மேலே அந்தப் பாட்டு, பட்டின் பெருமையை ஆரம்பத்திலிருந்து மறுபடி பாடும்.

எனக்குப் பிடித்தது நாகஸ்வரம். கோயிலில் சாமி புறப்படும்போது வாசிக்கிற மல்லாரி என்றால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுவேன். போனில் நிறைய சேர்த்து வைத்திருந்தேன். போகவர அந்த ஒரு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதலில் பேருந்திலேயே விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஒயர் வைத்த இயர்போன் வாங்கினேன். மாகறல் தாண்டுவதற்குள் ஒரு பக்கம் செத்துவிட்டது. நாகஸ்வரம் மட்டும் கேட்டது, தவிலைக் காணோம். வீட்டில் சொன்னேன்.

“ஒரு காதுல கேக்குது இல்ல? அப்புறம் இன்னா?” என்றார் என் கணவர். அவருக்கு நெல் வயல், பம்ப்செட், அதற்கு மேல் சங்கீதம் கிடையாது.

அடுத்தது கழுத்தில் மாட்டுகிற வகை. நாங்கள் கடையில் சீருடைப் புடவை கட்டி நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்கள். அந்தப் பட்டை வியர்வையைக் குடித்துக்கொண்டே இருந்தது. கோடை முடிவதற்குள் அதன் ரப்பர் மேல்தோல் இளகி, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்தது. கழற்றினால் கழுத்தில் கருப்பாக ஒட்டியிருக்கும், பின்கழுத்து முடி அதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். ஒரு நாள் முகர்ந்து பார்த்தேன். முகர்ந்திருக்கக் கூடாது. அழுக்குத்துணிக் கூடையின் அடியிலிருந்து வருகிற நாற்றம். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

அப்புறம்தான் காதுக்குள் சொருகுகிற ஒயர் இல்லாத பொட்டுகள் வாங்கினேன். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு, நகைக்கடை மாதிரி அடுக்கி வைத்திருந்தார் கடைக்காரர். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. “கம்பெனி சீல்க்கா. பிரிச்சதே இல்ல” என்று சொல்லி என் எதிரிலேயே உறையைக் கிழித்துக் கொடுத்தார்.

எது இடது, எது வலது என்று அதில் எழுதியிருப்பது எறும்புக்குத்தான் தெரியும். கல்லூரியில் படிக்கும் என் மகள் இடது பொட்டின் காம்பில் தன் ரோஸ் கலர் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். சில வாரங்கள் நான் சொர்க்கத்தில் பயணம் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி சீட்டு ஸ்பீக்கர்காரர் வாயசைப்பது மட்டும் தெரியும். எனக்குள் தோடி ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு இடது பொட்டு நின்றுபோனது. கடைக்குக் கொண்டுபோனேன்.

“வாரண்டி கீதுக்கா. கம்பெனிக்கு அனுப்பி புதுசு வாங்கித் தரேன்” என்றார் கடைக்காரர். பெட்டியோடு வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார்.

பல முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் “கூரியர்ல வந்துக்கினு கீது” என்பார். கடைசியில் ஒரு நாள் காலை, பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, உறை போட்ட புதுப் பெட்டியைக் கையில் திணித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நன்றி கூடச் சொன்னேன்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உறையைக் கிழித்துப் பொட்டுகளை எடுத்துக் காதில் வைத்தேன். வலது சரி. இடது உள்ளே போகும்போதே வழவழவென்று ஏதோ பட்டது. ஈரமா, எண்ணெயா தெரியவில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சல்லடை மாதிரி இருக்கும் சிறு கம்பிவலையில் பழுப்பு மஞ்சளாகக் காதழுக்கு அடைத்திருந்தது. ரப்பர் மூடியின் உள்விளிம்பில் வளையமாகப் படிந்திருந்தது. அதில் நரைத்த முடி ஒன்று, சின்னது, காதில் முளைக்கிற வகை, ஒட்டிக்கொண்டு ஆடியது.

விரலை எதில் துடைப்பது என்று தெரியாமல் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் காம்பைப் பார்த்தேன். யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய கோட்டின் இடுக்கில் கொஞ்சம் ரோஸ் கலர் மிச்சம் இருந்தது.

என்னுடையதேதான். எங்கும் போகாமல், யாரோ ஒரு வயதான மனிதரின் காதுக்கு மட்டும் போய்விட்டு, புது உறை மாட்டிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரர் ரிப்பேர் பார்த்து அவருக்கு விற்றாரோ, அவர் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தாரோ, யாருக்குத் தெரியும்? அந்த மனிதர் யார், எந்த ஊர், எந்த நோய்க்காரர் என்று நினைக்க நினைக்கக் குமட்டிக்கொண்டு வந்தது. செய்யாற்றுப் பாலம் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பின்னால் இருந்தவர், “இன்னாம்மா, மேல தெறிக்குது” என்று திட்டினார். அவர் போனில் ஒரு பெண் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் புடவைக் கடைக்குப் போனதும் கை கழுவும் தொட்டியில் சோப்புத் தண்ணீரால் காதைக் கழுவோ கழுவென்று கழுவினேன். பிறகு ஊக்கின் பின்பக்கத்தால் குடைந்தேன். கூட வேலை செய்யும் ஐயங்கார்குளத்துப் பெண், “அக்கா, செவிடாகிடப் போற” என்று கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வாரக் கடைசியில் காதுக்குள் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு வலி. தலையணையில் மஞ்சளாகக் கறை. காஞ்சிபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனேன். அவர் ஒரு மெல்லிய கேமராவை உள்ளே விட்டு, எதிரே இருந்த டிவியில் காட்டினார். பழைய ரொட்டியில் படர்வதுபோல வெள்ளையும் கருப்புமாகப் பூஞ்சை. அது என் காது என்று நம்ப முடியவில்லை.

“இன்னொருத்தர் போட்டதைப் போட்டுட்டேன் டாக்டர். அதனாலதானே?”

“இருக்கலாம். ஆனா நீங்க வேர்வையோட தினமும் காத அடைச்சு வச்சிருக்கீங்க, குடைஞ்சும் இருக்கீங்க. அதுவே போதும்” என்றார் டாக்டர். “இனிமே காதுல எதுவும் வைக்காதீங்க.”

அந்தக் கிழவர் மேல் இருந்த அருவருப்பில் பாதி என் காது மேலேயே திரும்பியது. அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கொடுத்தது.

காதில் பஞ்சோடு நேராக மொபைல் கடைக்குப் போனேன். கடையில் ஓரகடம் பக்கத்துக் கம்பெனிச் சீருடை போட்ட பெண் ஒருத்தி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். நான் பெட்டியைத் திறந்து கடைக்காரர் எதிரில் வைத்தேன்.

“இது என்னோட பழசு. எவன் காதுலயோ இருந்துட்டு வந்துகீது. நகப்பாலிஷ் பாரு.”

அவர் பார்த்தார். மறுக்கக்கூட இல்லை. “இன்னாக்கா நீ, இத்தப் போயி பெருசு பண்ணிக்கினு. தொடச்சா புதுசு” என்றார். மேஜையில் கிடந்த குண்டூசியை எடுத்து, கம்பிவலையில் இருந்த அழுக்கை நோண்டினார். பெயர்ந்து வந்ததைக் கண்ணாடிமேல் தட்டினார். பிறகு பொட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்து உஃப் என்று ஊதி, சட்டையில் தேய்த்து என்னிடம் நீட்டினார். “போட்டுப் பாரு, சூப்பரா கேக்கும்.”

நான் பின்னால் நகர்ந்தேன்.

“இத ஜனங்களுக்கு சீல் போட்டு விக்கிறியே, அசிங்கமா இல்ல?”

அவர் என் சீருடைப் புடவையை ஏற இறங்கப் பார்த்தார். “பட்டுக் கடைதானே நீ? கட்டிப் பாத்துட்டு திருப்பிக் குடுக்கற பொடவய இன்னா பண்றீங்க? கொளுத்திடறீங்களா?”

திரும்பி வந்த புடவைகளை முகர்ந்து பார்ப்பதும், முந்தானையில் சாம்பார் வாசனை கண்டுபிடிப்பதும் என் வேலைதான். பிறகு அவை இஸ்திரி போட்டு எந்த அலமாரிக்குப் போகின்றன என்று எனக்கும் தெரியும். அந்த ஆள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் கம்பெனிப் பெண் வாயைத் திறந்தாள். “அண்ணா, அந்த பழசு கம்மியா தருவீங்களா?”

“வேணாம்மா” என்று பதறினேன். “என் காதப் பாரு, சீழ் புடிச்சிகீது.”

“பரவால்லக்கா. ஹாஸ்டல்ல ஒரே இயர்போன நாங்க மூணு பேரு மாத்தி மாத்திதான் போட்டுக்கறோம். இதுன்னா எனக்கே எனக்குன்னு இருக்கும். ஸ்பிரிட்டு போட்டு தொடச்சுக்கறேன்” என்றாள். முகத்தில் வெட்கமே இல்லை, ஆசைதான் இருந்தது.

கடைக்காரர் சந்தோஷமாகப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். நான் பொட்டுகளைப் பிடுங்கினேன். பக்கத்து டீக்கடை வாசலில் எச்சில் டம்ளர் கழுவுகிற வாளி இருந்தது. டீத்தூளும் பிஸ்கட் துண்டும் மிதக்கும் அந்தத் தண்ணீரில் இரண்டையும் போட்டேன்.

“லூசா நீ?” என்று கடைக்காரர் கத்தினார். டீக்கடைக்காரரும் கத்தினார். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண் முகத்தை மட்டும் பார்த்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பில் இருந்தேன். அவளோ தன் தட்டிலிருந்து சோற்றைக் கொட்டியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

காது ஆற நெடுநாள் ஆனது. என் புலம்பல் தாங்காமல் கணவர் சமையலறைக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்தார். “இத காதுல சொருவ முடியாது. பேஜாரே இல்ல” என்றார். நன்றாகத்தான் பாடியது. அலமாரி மேல் தட்டில் வைத்தேன். தாளிக்கிற புகையில் அதன் துணி மூடி எண்ணெய் குடித்து, தூசி பிடித்து, தொட்டால் விரல் ஒட்டியது. மழைக்காலத்தில் தவில் தனி ஆவர்த்தனம் ஓடும்போது உள்ளே கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று நினைத்து எடுத்துக் குலுக்கினேன். பின்பக்க ஓட்டையிலிருந்து கரப்பான் குஞ்சுகள் பொலபொலவென்று என் முழங்கைவரை ஓடின. உள்ளே சூட்டுக்கு முட்டை வைத்துக் குடும்பமே நடந்திருக்கிறது.

“வேற வாங்கலாமா?” என்றார் கணவர்.

“அந்தப் பேச்ச எடுத்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றேன்.

இப்போது காலைப் பேருந்தில் நான் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜினை ஒட்டிய சீட்டில் உட்காருகிறேன். அங்கே டீசல் நாற்றம், கால் கொதிக்கும், பல் கூட அதிரும். ஆனால் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி எந்தப் போனும் என்னிடம் வர முடியாது.

“பின்னால எடம் காலியா கீதேம்மா, ஏன் இங்க கெடந்து வேகுற?” என்று கண்டக்டர் கேட்டார்.

“இங்கயே இருக்கேன்பா” என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.