குதிரை கட்டிய பிட்டி

வன்னியில் நிலம் முழங்காலுக்கு மேல் எழும்பினால் அது பிட்டி. ஏறும்போது மாட்டுக்கு மூச்சு வாங்கினால் மலை. எங்கள் குடியேற்றத் திட்டத்தின் வடக்கு மூலையில், குளக்கட்டுக்கு அப்பால் இருந்ததில் ஏறிய எந்த மாட்டுக்கும் மூச்சு வாங்கியதில்லை. ஆகவே அது பிட்டிதான், அரைத் தென்னை உயரம். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது மாடுகள் போய் அதில் நிற்கும். மற்றக் காலத்தில் அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதில் முதன்முதலாக நாட்டப்பட்ட பலகையில் எழுத்தே கிடையாது, ஒரு மண்டையோடு மட்டும் இருந்தது. சண்டைக் காலத்தில் உச்சியில் ஒரு காவலரண் இருந்தது. அதில் இருந்தவர்கள் போகும்போது சரிவெல்லாம் மிதிவெடியை விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சமாதானம் என்று ஒன்று வந்து, ஓமந்தை ஊடாகப் பஸ் ஓடத் தொடங்கி ஒரு வருடம் போனபின் நானா வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது போன குடும்பம். அவர்கள் போனதை நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பார்த்தது மட்டும்தான் நாங்கள் செய்தது. இப்போது அவர் புத்தளத்திலிருந்து தனியாளாகத் திரும்பி வந்து, மல்லாவிச் சந்தையில் துணி எடுத்து, சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்றார். நான் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்று யாரோ சொல்ல, ஒருநாள் என் படலையில் சைக்கிளைச் சாத்தினார். என்னைச் செயலாளராக்கியது என் அறிவல்ல, கையெழுத்து. சங்கத்தில் என்னைவிட விவரமானவர்கள் நாலு பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் எழுத்து வடிவில்லை.

"தம்பி, அந்தப் பிட்டிக்குக் கீழதான் எங்கட உம்மாவை அடக்கினது" என்றார். "அந்த வருஷம் நல்ல வெள்ளம். மையவாடிக்குக் கொண்டுபோகேலாமப் போச்சு. காஞ்ச நிலம் எண்டு அது ஒண்டுதான் கிடந்தது. மீசான் கல்லு மூண்டு நட்டிருக்கு."

மீசான் கல் என்பது கபுறின், அதாவது புதைகுழியின், அடையாளத்துக்கு நடுகிற கல் என்று எனக்குத் தெரியும். ஏன் மூன்று என்று கேட்டேன்.

"எங்கட பக்கத்தில ஆம்பிளைக்கு ரெண்டு, பொம்பிளைக்கு மூண்டு. தலைமாட்டில ஒண்டு, கால்மாட்டில ஒண்டு, நடுவில சின்னனா ஒண்டு. வாப்பா புத்தளத்தில கிடக்கிறார், கண்ணும் மங்கிப் போச்சு. பதின்மூண்டு வருஷமா ஒண்டைத்தான் கேக்கிறார், கல்லு நிக்குதோ எண்டு."

"வெடி எடுத்து முடியட்டும் நானா. நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். சத்தியமாக அந்த நேரம் மனதாரத்தான் சொன்னேன். அவருக்குத் தேநீரும் கொடுத்து அனுப்பினேன்.

அந்த மாதமே லண்டன் மச்சான் வந்து இறங்கினார். சங்கத் தலைவரின் மனைவிக்குத் தம்பி. அவர் இருந்தது லண்டனுக்கு எத்தனையோ மைல் தள்ளி ஒரு பட்டிக்காட்டில். ஆனால் எங்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வரும்போது சொக்லேட் கொண்டு வருவார்கள். இவர் ஒரு மலையைக் கொண்டு வந்தார், தடித்த அல்பம் ஒன்றில். அவருடைய ஊர் மலை. பச்சைப் புல், செம்மறி, ஒற்றையடிப் பாதை, பாதைக்கு ஒரு பலகை, கல்லுக்கு ஒரு பலகை, பலகையைப் பார்த்துக் களைத்தால் இருக்க ஒரு வாங்கு. அந்த வாங்கிலும் செத்துப்போன யாரோ ஒருவரின் பெயர்.

"அத்தான், அங்க செம்மறி சும்மா மேயிறேல்லை" என்றார். "அது மலையின்ர வடிவைப் பராமரிக்குது. அதுக்கெண்டு ஒரு சங்கம் இருக்கு."

தலைவர் அல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எங்கட மாடும் இவ்வளவு நாளும் உத்தியோகம்தான் பாத்திருக்கு, எங்களுக்குத்தான் விளங்கேல்லை" என்றார். பகிடியாகச் சொன்னாரா உண்மையாகவே சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த மலைச் சங்கத்தின் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கொழும்புக்கு வரப்போகிறதாம். வந்தால் இங்கேயும் கூட்டி வருவாராம். அவர்களுடைய மலையும் எங்களுடைய பிட்டியும் இனிச் சகோதரங்களாம். அதற்கு முன் பிட்டியின் மரபுரிமையைத் தேடி எடுத்துப் பலகையில் எழுத வேண்டுமாம். நான் உடனே அறிவித்தல் எழுதினேன். 'பிட்டியின் மரபுரிமை பற்றிய பொதுக்கூட்டம். அனைவரும் தவறாது சமூகமளிக்கவும்.' எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வழமையில் தலைவர், நான், மழைக்கு ஒதுங்கிய ஆடு என்று மூன்று பேர் வருவோம். அன்று முழு ஊரும் வந்துவிட்டது. அதுவும் சும்மா இல்லை, ஆளுக்கொரு பொலித்தீன் பைக்குள் காணிப் பெர்மிட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மரபு என்பது யார் காதிலும் விழவில்லை, உரிமைதான் விழுந்திருக்கிறது. குடியேற்றத் திட்டத்தில் பெர்மிட் ஒரு பிள்ளையின் பேருக்குத்தான் மாறும், மற்றப் பிள்ளைகளுக்குக் கை விரித்த கதைதான். அப்படிப்பட்ட ஊரில் போய் உரிமை என்று எழுதிப் போட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் எழும்பியது எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு அக்கா. "என்ர மாமி இருவது வருஷம் உந்தப் பிட்டியிலதான் விறகு பொறுக்கினவா. எனக்கு ரெண்டு பரப்பாவது எழுதித் தரவேணும்."

"அக்கா, இது காணி இல்லை. மரபுரிமை எண்டா பழைய கதையள்."

"கதைக்கே கூட்டம் வைச்சனீங்கள்? ஐயோ, நான் உலையை இறக்கி வைச்சிட்டெல்லோ ஓடி வந்தனான்!"

சனம் எழும்பத் தொடங்கியது. அப்போதுதான் மச்சான், யாருடைய கதை நல்லதோ அவருடைய பெயரும் பலகையில் வரும் என்றார். அவ்வளவுதான், எழும்பிய சனம் திரும்ப இருந்தது. ஒருவருடைய பூட்டன் அந்தப் பிட்டியில் புலியோடு கட்டிப் புரண்டார். இன்னொருவருடைய பூட்டிக்கு அங்கே அம்மன் காட்சி கொடுத்தா. பொய்யென்றாலும் ஒரு கணக்கு வேண்டாமா? எங்கள் பூட்டன்மார் எல்லாரும் யாழ்ப்பாணத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள். ஐம்பதுகளில் தகப்பன்மார் சட்டி பானையோடு லொறியில் வந்து குதித்து உண்டாக்கிய ஊர் இது. ஊரைவிட எனக்குப் பத்து வயதுதான் குறைவு.

இவ்வளவையும் யோசித்த நான் என்ன செய்தேன்? எல்லாவற்றையும் கலந்து, என் பங்குக்கு ஒரு அரசனையும் சேர்த்தேன். 'முன்னொரு காலத்தில் வன்னி மன்னன் ஒருவன் வேட்டையாடிக் களைத்து, இப்பிட்டியில் தன் குதிரையைக் கட்டி இளைப்பாறினான்.' வாசித்துக் காட்டியபோது கூட்டம் கை தட்டியது. வெட்கம் கெட்ட சந்தோஷம் எனக்கு. மச்சான் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"குதிரையை எதில கட்டினவன்? உச்சியில ஒரு கல்லுக்கூட இல்லையே."

அந்த நேரம் வெடி எடுப்பவர்கள் வேலையை முடித்து, மண்டையோட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். செய்தி கேட்டவுடன் நானா வாப்பாவைக் கூட்டி வரப் புத்தளம் போய்விட்டார். போகும்போது என் வீட்டுக்கு வந்து, "இனி நீங்கள் சொன்ன மாதிரிப் போவம் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் போன நாலாம் நாள் சிரமதானம், ஊர் கூடிச் செய்கிற துப்பரவு வேலை. மறுநாள் விருந்தினர் வருகிறார்கள். நான் உச்சியில் குந்தியிருந்து பலகைக்கு எழுத்துத் தீட்டிக்கொண்டிருந்தேன், ஊர் கீழே பற்றை வெட்டியது. மத்தியானம் போல் தலைவர் ஏழெட்டுப் பேரோடு ஏறி வந்தார், அவர்கள் தோளில் இரண்டு கல். உளியால் பொளிந்த கற்கள், தலை வளைவாக, அடியில் ஈர மண்.

"செயலாளர், பாத்தீங்களே! நிமிந்து நிண்டதுகள், கிண்டி எடுத்தனாங்கள். இதென்ன கல்லாயிருக்கும்?"

எனக்குத் தெரிந்தது. தெரியாது என்று இப்போது இங்கே எழுதினால் இதுவும் இன்னொரு குதிரைக் கதையாகிவிடும். உடனேயே மனம் ஒரு கணக்குப் போட்டது. நானா சொன்னது மூன்று கல், வந்திருப்பது இரண்டு, ஆகவே இவை அவை அல்ல. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் கழித்தல் செய்ததில்லை. "குதிரை கட்டின கல்லாக்கும்" என்றேன், தூரிகையைக் கீழே வைக்காமலே. பலகைக்கு இரண்டு பக்கமும் நாட்டினார்கள். எடுப்பாகத்தான் இருந்தது.

வெள்ளைக்காரத் தம்பதி மறுநாள் தொப்பியும் ஊன்றுகோலுமாக வந்து, அரை நிமிடத்தில் மலையேறி முடித்து, மிச்ச மலை எங்கே என்பது போல் சுற்றிப் பார்த்தார்கள். கல்லைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எந்த நூற்றாண்டு என்று கேட்டார்கள். மச்சான் தலைவரைக் கேட்டார், தலைவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். அந்த அம்மா கல்லைத் தடவிக்கொண்டே, தங்கள் மலையிலும் இப்படி ஒரு கல் உண்டு, ஒரு இராட்சதன் கோபத்தில் எறிந்தது என்று பலகையில் இருக்கிறது, உண்மையில் யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது என்றாவாம். எனக்குப் பெரிய ஆறுதல். அங்கேயும் என்னைப் போல ஒரு செயலாளர் இருந்திருக்கிறான்.

அவர்கள் போன இரண்டாம் நாள் நானா வந்தார், தனியாக. வாப்பாவை வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, அவர் நாளைக்கு வருமுன் கபுறடியைத் துப்பரவாக்க வந்திருந்தார். நான் எதையும் சொல்லத் தொடங்குமுன் றோட்டிலிருந்தே பலகை கண்ணில் பட்டு, விறுவிறு என்று ஏறிவிட்டார். பின்னால் ஓடினேன். ஒரு கல்லின் விளிம்பு உடைந்திருந்த இடத்தில் அவர் பெருவிரலை வைத்துக்கொண்டு நின்றார். பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார்.

"எழுத்து வடிவாக் கிடக்கு. ஆர் எழுதின?"

"நான்தான் நானா."

ஏசினால் நல்லதாயிருந்திருக்கும். அவர் ஏசவில்லை. "எந்த இடத்தில கிண்டின?" என்றார். "வாப்பா நாளைக்கு வாறாரெல்லோ."

நான் எங்கே கண்டேன்? கிண்டும்போது மேலே இருந்து மன்னனுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தவன். "கீழதான்" என்றேன். இறங்கினோம். பற்றை வெட்டி, வாரி, மட்டமாக்கிய நிலம். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. கிண்டிய குழிகளைக்கூடப் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று மூடி மிதித்திருந்தார்கள். அவர் ஒரு தரம் அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் நடந்தார். திரும்ப நடந்தார். நான் சும்மா ஒரு இடத்தைக் கையால் காட்டிவிடலாமா என்று யோசித்தேன். அந்த யோசனை வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பாலைமரத்து நிழலில் அவர் நின்றுவிட்டார். போய்ப் பார்த்தேன். கருகிய நிலம், சாம்பல், பாதி எரிந்த கொள்ளிகள், மூன்று கல் அடுப்பு. சிரமதானத்துக்குத் தேநீர் காய்ச்சிய இடம். அடுப்பில் இரண்டு கல் எங்கிருந்தோ உருட்டி வந்தவை. மூன்றாவது பொளிந்த கல், சின்னன், நிலத்தில் ஆழ நட்டிருந்தது. அசையாமல் வாகாக நிற்கிறது என்று அதை அப்படியே விட்டு, கிடாரத்தை அதன் மேல் ஏற்றியிருக்கிறார்கள். அன்று மேலே வாளியில் வந்த தேநீரில் நானும் இரண்டு கோப்பை வாங்கிக் குடித்து, சாயம் காணாது என்று குறையும் சொல்லியிருந்தேன்.

நானா செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தார். கொள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் சாம்பலை அள்ளத் தொடங்கினார். நானும் குனிந்து கையை நீட்டினேன்.

"வேண்டாம் செயலாளர்" என்றார். "நான் செய்யிறன்."

அதுவரைக்கும் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டவர்.