பார்வையிட்டேன், திருப்தி

விடுதி மெஸ் பலகையில் இதை ஒட்டுகிறேன். கிழிக்க நினைப்பவர் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

இன்று காலை மதராஸ் ரயிலில் வந்திறங்கிய பல்கலைக்கழக அதிகாரி, எங்கள் ஆராய்ச்சி ஏன் முடியவில்லை என்று கேட்டார். சாணார்பட்டிப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றிய ஆராய்ச்சி. இந்த மாதம் முடியாவிட்டால் எனக்கும் என்னோடு ஆராய்ச்சி செய்யும் காதருக்கும் ஆராய்ச்சி மாணவர் இடம் போய்விடும்.

துறைத் தலைவர் முந்திக்கொண்டார். "களத்துக்கு எங்க சார் போறானுக? செத்த நேரம் வெயில் தாங்க மாட்டானுக."

காதர் எங்கள் களப்பணி டைரியை நீட்டினான். தலைவர் அதை ஒருநாளும் படித்ததில்லை. பக்கத்துக்குப் பக்கம் "பார்வையிட்டேன், திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது தெரிந்துதான் ஒரு வருஷமாக உண்மையை மட்டுமே எழுதி வந்தோம்.

அதிகாரி சத்தமாகப் படித்தார்.

"வியாழன். அய்யலூர் சந்தை. தலைவர் வீட்டு விசேஷத்துக்குக் கிடாய் பிடித்தோம். வயசு தெரியப் பல் பார்த்தது காதர். பார்வையிட்டேன், திருப்தி."

அடுத்த பக்கம். "தலைவர் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பார்வையிட்டேன், திருப்தி."

தலைவர் என்னை முறைத்தார். "இம்புட்டையுமாடா எழுதுவீங்க?"

"நீங்கதான சார், ஒண்ணு விடாம எழுதுங்கடான்னு சொன்னீங்க."

எங்களுக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. இனி ஆராய்ச்சி மாணவர்களை வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அதிகாரி அதே டைரியில் எழுதி, தலைவரிடமே கையெழுத்து வாங்கினார்.

காதர் எட்டிப் பார்த்தான். "திருப்தின்னு எழுதலையே சார்?"

படித்தவர்கள் கீழே கையெழுத்துப் போடவும். திருப்தியா என்பதையும் எழுதவும்.