தின்னரில் துடைத்த இரண்டு சிவப்புப் புள்ளிகள்

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூரில் எங்கள் வீடு வரை என் மாமனார் அந்த ஆம்பிளிஃபயரை மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தார். என்னைவிட வயதான ஜப்பான் பெட்டி. ஒரு மாதமாகப் பாட்டுக்குப் பின்னால் உர்ரென்று இரைச்சல். காது மந்தமானதிலிருந்து அவருக்கு இதில் கேட்டால்தான் பாட்டு புரிகிறது.

"கெடுத்துடாதீங்க மாப்ள. இது போச்சுன்னா எனக்குப் பாட்டே போச்சு" என்றார்.

எனக்குக் கோபம். நான் என்ன குரங்கா?

இரைச்சலுக்குக் காரணம் கெப்பாசிட்டர்கள். வயதானால் உள்ளே காய்ந்துவிடும். ஞாயிறு காலை மூடியைத் திறந்தேன்.

கம்பெனியில் நான் இன்ஸ்பெக்ஷன். பார்த்த உருப்படியில் மஞ்சள் புள்ளி வைப்பதுதான் வேலை. நான் வைக்கும் புள்ளியை ஒரு நாயும் பார்ப்பதில்லை. மறுவேலைக்கு வரும் உருப்படியில் பழைய புள்ளி இருக்கக்கூடாது, முதலில் தின்னரால் துடைக்க வேண்டும். இந்தப் போர்டில் இரண்டு கெப்பாசிட்டர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்புப் புள்ளி இருந்தது. துடைத்தேன். யோசிக்கவே இல்லை.

பழையதையெல்லாம் பிடுங்கினேன். போர்டில் அச்சிட்டிருந்த பிளஸ் குறியைப் பார்த்துப் புதியதைப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஒன்று டப்பென்று வெடித்தது. சட்டென்று அணைத்தேன். இன்னொன்று தொட முடியாமல் சுட்டது. அறையெல்லாம் நாற்றம். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமனாருக்குச் சத்தம் கேட்கவில்லை. பிழைத்தேன்.

என் மனைவிக்குக் கேட்டுவிட்டது. மாவுக் கையோடு வந்தாள். "என்னாங்க, எங்கப்பாவ அழ வெக்காம அனுப்ப மாட்டீங்களா?"

"அச்சப் பாத்துத்தான்டி வெச்சேன்! கடைக்காரன் குடுத்த மால் மட்டம்!"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கம்பெனியில் போர்டில் பாகம் சொருகும் வேலை பார்த்தவள். குனிந்து பார்த்தாள். "இந்த ரெண்டு கிட்ட மட்டும் ஏதாச்சும் மார்க் இருந்துச்சா?"

"செவப்புப் புள்ளி. தொடச்சிட்டேன்."

"அய்யோ, இன்ஸ்பெக்டர் சாரு! எங்க லைன்ல அச்சு தப்பா வந்தா பாகத்தத் திருப்பிப் போட்டுட்டுப் பக்கத்துல புள்ளி வெப்போம். இந்த எடத்துல அச்ச நம்பாதன்னு அர்த்தம்."

மீட்டரை வைத்துப் பார்த்தேன். பிளஸ் என்று அச்சிட்ட இடம் மைனஸ். இரண்டிலுமே. தலைகீழாக மாட்டினால் கெப்பாசிட்டர் வெடிக்காமல் என்ன செய்யும்?

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புள்ளி வைத்த கை எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ. ஓடுகிற லைனில் ஒரு போர்டு கைக்கு வந்த நேரத்தில் அச்சுத் தப்பைக் கண்டுபிடித்திருக்கிறது அந்தக் கண். திருப்பிப் போட்டதோடு விட்டுவிடாமல், எப்போதோ ஒருநாள் இதைத் திறக்கப்போகிறவனுக்கு இரண்டு புள்ளி வைத்திருக்கிறது. திறந்தவன் நான். துடைத்தவனும் நான். மயிர்க்கூச்செறிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அந்த இரண்டு இடத்திலும் வேறு புதிய கெப்பாசிட்டர்களை அச்சுக்கு எதிராகத் திருப்பி வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். வெடிக்கவில்லை. இரைச்சல் இல்லை. பாட்டு வந்தது.

மாமனார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"பின்னால ஒரு வீணை வருது மாப்ள. இது எப்பவுமே இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

மூடியைத் திருகும் முன் மனைவியின் நகப்பூச்சை வாங்கி, அதே இரண்டு இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தேன்.