கட்டங்களுக்குக் கீழே லாத்தாவின் வரிகள்

மகனுக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கீழ்வேளூரிலிருந்து போன் வந்தது. "லாத்தா மௌத்தாயிட்டாங்க, அக்கா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்ளோதான்" என்று அழுதாள் லாத்தாவின் தங்கை சபீனா. என் கையில் சோறு அப்படியே காய்ந்துபோனது.

என் வலைப்பூவை வாசிக்கும் உங்களுக்கு மெஹருன்னிசா லாத்தாவைத் தெரியும். லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. நமக்கும் அப்படியே ஆகிவிட்டார். மூன்று பிள்ளைகள், குவைத்தில் கணவர், நடுவில் அவருடைய ஃபேஸ்புக். சிரிக்கச் சிரிக்க எழுதுவார். ஆனால் பயந்தவளைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

தஞ்சாவூரில் நான் கைக்குழந்தையோடு, எடை ஏறவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய பதிவு கண்ணில் பட்டது: "புள்ள சோத்தைத்தான் துப்புது. உங்களைத் துப்பல. மூஞ்சியத் தொடச்சிட்டு அடுத்த வாய் ஊட்டுங்க." என் வலைப்பூவில் அதைக் காட்டலாமா என்று கேட்டு எழுதினேன். உடனே போன் செய்தார்.

"தாராளமாப் போடு புள்ள. ஆனா கீழ கமெண்ட்டுல வந்து அழுதிருக்காளே ஒருத்தி, அவ பேரு தெரியக்கூடாது. அவ மாமியாளும் போன் வச்சிருக்கா."

"சரிங்க லாத்தா. உங்க பதிவு மட்டும் அங்கேருந்து இங்க தெரியுற மாதிரி இணைச்சுடுறேன்."

"அதை மட்டும் நம்பாத. கீழ என் வார்த்தைய டைப்படிச்சும் வை. சொந்தத்துல எவனாவது 'பொம்பளைக்கு எதுக்கு ஃபேஸ்புக்'னு கெளம்புனா, நான் கோவத்துல கணக்கை மூடிட்டுப் போயிடுவேன்."

சொன்னபடியே போவார். அப்போதெல்லாம் என் வலைப்பூவில் அவர் பதிவுகள் இருந்த இடங்கள் வெறும் கட்டங்களாகிவிடும். "என் பக்கம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு, வாங்க லாத்தா" என்று கெஞ்சுவேன். "பிரியாணி தம்முல கெடக்கு. எறக்கிட்டு வர்றேன்" என்பார்.

ஒரு கையில் குழந்தை, மறு கையில் போன் என்று ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்வது எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. "டைப்படிச்சியா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

அவர் இறந்தபின் வீட்டார் அந்த ஃபேஸ்புக் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. போன வாரம் மகனுக்குக் காய்ச்சல். மருத்துவரிடம் காட்டி மருந்தும் கொடுத்தாகிவிட்டது. என் பயம்தான் இறங்கவில்லை. காய்ச்சலைப் பற்றி லாத்தா எழுதியதைத் தேடி வலைப்பூவைத் திறந்தேன். வரிசையாக வெறும் கட்டங்கள். இன்று யார்மேல் கோபமோ என்று அவருக்கே போன் போடப் போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது.

கட்டத்துக்குக் கீழே பார்த்தேன். நான் சலித்துக்கொண்டே அடித்து வைத்த வரிகள் அத்தனையும் இருந்தன.

"டாக்டர்ட்ட காட்டியாச்சா? மருந்து குடுத்தாச்சா? அப்ப நீ போய் ரெண்டு வாய் சாப்பிடு. பயத்தோட பசியும் சேந்தா ஊரையே கூட்டிடுவ."

கட்டங்களை நான் நீக்கப்போவதில்லை. அவற்றின் கீழே அவருடைய வார்த்தைகள் இருக்கும். அழுதவளின் பெயர் இருக்காது. லாத்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த இரண்டும்தான்.

மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அன்று நானும் சாப்பிட்டேன், லாத்தா.