மேனேஜர் என்று எழுதிய கடிதம்

வெளிநாட்டில் என் வேலை அனுமதி முடிய இன்னும் பத்து நாள்தான். அதற்குள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க, முன்பு வேலை பார்த்த ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் அனுபவக் கடிதம் வேண்டும். லீவில் வந்து வாங்கிப் பார்த்தேன். சூப்பர்வைசராக இருந்த என்னை மேனேஜர் என்று எழுதியிருந்தார் முதலாளி.

"பாய், அங்க குடுத்த பேப்பர்ல எல்லாம் சூப்பர்வைசர்னுதான் இருக்கு. இதைப் பாத்தா பொய்னு தள்ளிடுவாங்க!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாப்பா, ஃபாரின்காரன் படிக்கிற லெட்டரு. உன்னைக் கம்மியா காட்ட மனசு வர்ல" என்றார்.

மேனேஜர் பதவி கேட்டு ஐந்து வருடம் நான் நின்றது இதே மேஜை முன்னால்தான். அங்கேயே நின்று, சூப்பர்வைசர் என்றே எழுதச் சொல்லிக் கெஞ்சினேன்.