ஓனர் டிரெய்லரில் கத்திய அலாரம்

இன்று ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்குள் வேலை. ஓனர் குடும்பத்தோடு ஏலகிரி போக வாங்கிய கேம்பிங் டிரெய்லருக்கு சோலார் பேனலும் பேட்டரியும் மாட்டினேன்.

சுவிட்ச் போட்டதும் உள்ளே விஷவாயு அலாரம் கத்தியது. வண்டியில் அடுப்புகூட இன்னும் வைக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கழிவுத்தொட்டி திறந்திருந்தது. ஒருவர் வெறும் உடம்போடு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இறங்காதீங்க, கேஸ் இருக்கு!"

"தினம் இறங்குறதுதான் தம்பி. இன்னிக்கு நாத்தமே தெரியல." அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்குதான் மரத்துப்போகும்.

ஓனர் ஓடி வந்தார். "இன்னாப்பா பாத்துட்டு நிக்கிற? வண்டியத் தள்ளி நிறுத்து. பசங்க படுக்கிற இடம்."

தள்ளினோம். அலாரம் அடங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். தொட்டிக்கு மேலே இறங்கியவரின் தலை மட்டும் தெரிந்தது.

அலாரத்தைப் பேட்டரியோடு கழற்றித் தொட்டி வாயில் வைத்தேன். அது கத்திய கத்தலில் அவர் மேலே ஏறிவிட்டார்.

ஓனர் எங்கள் சோலார் கடைக்குப் போன் போட்டார். என் வேலை போனது. சோலார் மாட்ட ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். அலாரம் என்னிடம்தான் இருக்கிறது.