பட்டறைக்கு வந்த இரண்டாவது பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்தில், காரைக்குடியிலிருந்து மானகிரி போகிற பாதையில் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறையில் நடந்தது இது. அங்கே நான் வெல்டர். இப்படிச் சொன்னால் முக்கால்வாசிப் பேர், "அங்க கணக்கு எழுதுறியா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லைங்க, ஹோல்டரில் ராடைச் செருகிப் பிடித்து இரும்பை ஒட்டவைக்கிற வேலையேதான். கேட், ஜன்னல் கம்பி, ஷெட் போடுவதற்கான சட்டம் எல்லாம் செய்வோம்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தது அதற்கும் மூன்று வருடம் முந்தி. பட்டறையில் ஐந்து ஆண்கள், நான் ஒருத்தி. சேர்ந்த அன்றே முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏம்மா, பொம்பளப் பிள்ளைக்குன்னு ஏதாச்சும் வசதி பண்ணணுமா? பின்னாடி ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லவா?" ஆண்களுக்குப் பட்டறையின் பின்பக்கம் இருந்த கருவேலங்காடே போதுமானதாக இருந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. வந்த அன்றைக்கே செலவு வைக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். முதலாளி முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. எனக்கும் ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி பெருமை.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு வீட்டில் ஒரு டீ. அதற்குப் பிறகு சாயங்காலம் வீடு திரும்பும் வரை தண்ணீர் பக்கமே போக மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொண்டை நனைய இரண்டு வாய், அவ்வளவுதான். மேலே தகரக் கூரை, கையில் நெருப்பு, முகத்தில் மாஸ்க். முடியவே முடியாத நாளில், ராடு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த பெட்ரோல் பங்குக்கு ஓடுவேன். மாதத்தில் இரண்டு நாள் காய்ச்சல் என்று லீவு போடுவேன். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், "நெறையத் தண்ணி குடிம்மா" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இதையெல்லாம் நான் கஷ்டமாகவே நினைக்கவில்லை. என் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

நான் சொன்ன அந்தச் சித்திரைக்கு முந்தின பங்குனியில் இரண்டாவதாக ஒரு பெண் வேலைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வீடு செக்காலைப் பக்கம். அவர் கணவர் பல வருடம் வெளிநாட்டில் வெல்டராக இருந்து, முதுகில் அடிபட்டுத் திரும்பியவர். குனியவும் முடியாது, கனம் தூக்கவும் முடியாது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டு வாசலில் ஒரு பழைய மெஷினை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணவர் சொல்லிக்கொடுக்க, இந்த அக்கா தொழிலைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கணவருடைய தோல் கையுறையைத்தான் போட்டுக்கொள்வார். விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று ஆடும். ஆனால் வேலை படு சுத்தம். அவர் வைக்கிற ஒட்டு எறும்பு வரிசை மாதிரி ஒரே சீராக வரும். உண்மையைச் சொன்னால் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். "ஒன்னயப் பாத்துத்தாம்மா இன்னொரு பொம்பளைய எடுக்கத் துணிஞ்சேன்" என்று முதலாளி சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

முதல் நாள் பதினோரு மணி இருக்கும். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, ஒண்ணுக்குப் போகணும்னா எங்குட்டுப் போறது?"

நான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற என் வித்தையை விளக்கிச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ரெண்டு பிள்ள பெத்த ஒடம்பு தங்கச்சி. எப்படி அடக்குறது?"

"பழகிரும்க்கா" என்றேன், பெரிய அனுபவசாலி மாதிரி.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு நேரே முதலாளியிடமே போய்க் கேட்டுவிட்டார். எனக்கு மூன்று வருடத்தில் வராத தைரியம் அவருக்குப் பத்தே நாளில் வந்தது. "அண்ணே, பொம்பளைக ரெண்டு பேரு இருக்கோம். பின்னாடி தகரத்த வச்சாவது ஒரு மறைப்புக் கட்டித் தந்தீகன்னா நல்லாருக்கும்."

முதலாளி கெட்டவர் இல்லை. கேட்டதைச் செய்திருப்பார். ஆனால் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ள மூணு வருசமா இருக்கு, ஒரு நா இப்படிக் கேட்டதில்லையே. ஏம்மா, ஒனக்கு ஏதும் கஷ்டமா இருக்கா?"

ஐந்து ஆண்களும் பார்த்தார்கள். அந்த அக்காவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த நல்ல பேர் ஒரே நொடியில் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

"இல்லைண்ணே. எனக்குப் பழகிருச்சு."

அவ்வளவுதான். பேச்சு அதோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அந்த அக்கா தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் இரண்டு மணி, அனலாகக் கொதித்தது. அக்கா ஒரு சட்டத்தை ஒட்டி முடித்து, வியர்வையைத் துடைக்கக் கையுறையைக் கழற்றினார். எழுந்தவர் அப்படியே தள்ளாடினார். பிடிமானத்துக்கு வலது கையை நீட்டியது அப்போதுதான் ஒட்டிய சட்டத்தின் மேல். மயங்கிச் சரிந்ததில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை அதிலேயே அழுந்திக் கிடந்தது. நான் ஓடிப்போய் இழுத்தேன். அந்த வாடையை நான் எழுதப் போவதில்லை.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அக்கா கண் விழித்ததும் டாக்டர் அவரிடம் கேட்டார், "காலையில இருந்து தண்ணியே குடிக்கலையா? ஒடம்புல சொட்டுத் தண்ணி இல்லையே?"

கட்டிலின் அந்தப் பக்கம் முதலாளி, பட்டறை ஆட்கள் இரண்டு பேர். இந்தப் பக்கம் நான். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தண்ணி பல்லுல படாம நோன்பு வச்சிருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை பத்து மணிக்கு, அவர் கொண்டுவந்த கொழுக்கட்டையை நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதியாகத் தின்றிருந்தோம்.

முதலாளிக்குக் கோபம். "நோன்பு வச்சுக்கிட்டு நெருப்புக்கிட்ட வந்து நிப்பீகளா? உசுருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான்தானம்மா பதில் சொல்லணும்? கையக் கொணப்படுத்திக்கங்க. இனிமே இந்த வேலை ஒங்களுக்கு வேணாம்." ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரேதான் கட்டினார். வெளியே வந்ததும், கூட வந்தவர்களில் ஒருவர், "பொம்பளைகளுக்கு எதுக்கு இந்த வேலை" என்றார். என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் தூக்கமில்லை. எட்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லிவிட்டு, இடது கையால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "முழுசாக் குடி. எங்க வீட்டுல கக்கூஸ் இருக்கு" என்றார். அது கிண்டலா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடித்தேன். குடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஆம்பளைக நடுவுல மறுபடியும் அந்தப் பேச்ச எடுக்கச் சொல்றியா? எடுத்தாலும் யாரு நம்புவா? நீதான் பழகிருச்சுன்னு சொல்லிட்டியே." காலிச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "வேலை போனதுகூடப் போகட்டும் தங்கச்சி. நோன்பு மேல பொய் சொல்லிட்டேன் பாரு, அதுதான் மனசக் குடையுது" என்றார்.

மறுநாள் காலையில் முதலாளியிடம், ஐந்து ஆண்களும் கேட்கும்படியாகவே எல்லாவற்றையும் சொன்னேன். நீர்க்கடுப்பு முதல் பெட்ரோல் பங்கு வரை ஒன்றும் விடவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?" என்று மட்டும் முதலாளி கேட்டார். இரண்டே வாரத்தில் கக்கூஸ் கட்டி முடித்துவிட்டார்கள். அதன் இரும்புக் கதவை நான்தான் செய்தேன்.

காயம் ஆறியதும் முதலாளியே என்னைக் கூட்டிக்கொண்டு போய், மறுபடி வேலைக்கு வரச் சொல்லி அந்த அக்காவைக் கேட்டார். அவர் கையை நீட்டிக் காட்டினார். தோல் சுருங்கி இழுத்துக்கொண்டு, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. "வீட்டுல ஹோல்டரப் பிடிச்சுப் பாத்தேன்ணே, பத்து நிமிசம் தாங்கல" என்றார். இப்போது ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை எடுத்துக் காட்டுகிறார். வழியில் பார்த்தால் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். பிள்ளைகள் படிப்பைப் பற்றிச் சொல்வார். பட்டறையைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நான் சொன்னதை, விவரம் தெரியாத வயது என்று யாராவது மன்னிக்கலாம். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்குப் பழகிருச்சு என்று தெரிந்தேதான் சொன்னேன். என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன அந்த வார்த்தைக்கு விலையாகப் போனது இன்னொருத்தியின் கை என்பதை நினைக்காமல், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் ஹோல்டரைத் தொட்டதில்லை.